வாசகர் கேள்விகள்: பாத்திரமா, பக்குவமா?

வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் குடியேறிய நம் வடார்க்காட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் எழுதிய கடிதங்கள் இம்மாதம் தற்செயலாக ஒரே கட்டாகச் சேர்ந்துவிட்டன. வேலூரில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற தகுதியிலும், வெளிநாட்டில் உள்ள மகன் வீட்டில் ஒரு கோடை முழுவதும் வாளி கழுவிய அனுபவத்திலும் பதில் எழுதுகிறேன்.

குடியாத்தம் வாசகர்: ஐயா, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் என் மகன் ஓராண்டாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். அங்கே போயிருந்தபோது எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தான். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பிளாஸ்டிக் வாளிக்குப் பதிலாக எவர்சில்வர் நொதிகலன் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான். விலையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வாங்கச் சொல்லலாமா?

வேண்டாம். அந்த வாடைக்குப் பெரும்பாலும் காரணம் பாத்திரம் அன்று, தண்ணீர். குழாய் நீரில் கிருமி நீக்கத்திற்காகச் சேர்க்கும் குளோரினோ குளோரமைனோ, மால்ட்டிலிருந்தும் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு கூடிக் குளோரோஃபீனாலாக மாறும்போது, மிக நுண்ணிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுகொள்கிறது. குளோரின் கொதிக்க வைத்தால் போய்விடும். குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. காய்ச்சுவதற்கு முன்பே, 20 லிட்டர் தண்ணீரில் கேம்ப்டன் மாத்திரை (மெட்டாபைசல்ஃபைட் உப்பு) பாதியைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் செயலிழந்துவிடும். மாத்திரையின் விலை சில்லறைக் காசு. வாளியை ப்ளீச்சால் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே வாடை வரும் என்பதால், முதலில் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தண்ணீரைத் திருத்திய பிறகும் வாடை போகவில்லை என்றால், காட்டு ஈஸ்ட் எங்கோ குடியிருக்கிறது என்று பொருள். அது வாளியின் வழவழப்பான பக்கங்களில் இருப்பதில்லை. குழாய்த் திருகின் உள்மரையிலும், ரப்பர் வளையத்தின் அடியிலும், ஈரம் காயாமல் சுருட்டி வைத்த ஹோஸிலும், நார் போட்டுத் தேய்த்த கீறல்களிலும்தான் இருக்கும். அழுக்கு நீக்குவது வேறு, கிருமி நீக்குவது வேறு. படிந்த கசடு அப்படியே இருக்க, அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த திராவகம் ஊற்றினாலும் உள்ளே இருப்பவைக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊரில் பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவதற்கு முன் அதைச் சுரண்டிக் கழுவுவதை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மைதான் பதநீர் கள்ளாகாமல் தடுக்கிறது, ஆனால் பழைய கசடு இருக்கும் கலயத்தில் சுண்ணாம்பும் தோற்றுப்போகும். உங்கள் மகன் வெட்கப்படத் தேவையில்லை: டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையிலேயே பீர் கெட்டதற்குக் காட்டு ஈஸ்ட்தான் காரணம் என்று கண்டறிந்த எமில் கிறிஸ்டியான் ஹான்சன், 1883ஆம் ஆண்டில் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. புதிய ஹோஸும் புதிய குழாய்த் திருகும் வாங்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் கலன் காத்திருக்கட்டும்.

வாணியம்பாடியிலிருந்து சென்று மெல்போர்னில் வாழும் வாசகர்: இரண்டு வாரத்தில், வாளி மூடியில் வாயு வெளியேற மட்டும் வழிவிடும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. 330 மில்லி பாட்டில்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டேன். மூன்றாம் வாரம் இரண்டு பாட்டில்கள் வெடித்தன. மீதியை என்ன செய்வது?

முதலில் மீதிப் பாட்டில்களை வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கனமான துணியால் மூடி எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்; நன்றாகக் குளிர்ந்தால் வாயு திரவத்தில் கரைந்து அழுத்தம் குறையும், அதன்பின் துணியைப் போர்த்தியபடியே மூடியைத் தளர்த்தலாம்.

இங்கே இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று பொருளில்லை. மூடி சரியாக இறுகாவிட்டாலும் நிற்கும், குளிரில் ஈஸ்ட் உறங்கினாலும் நிற்கும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான். பால் சங்கத்தில் பாலில் மிதக்க விடும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு அது. தொடக்கத்தில் 1.050 அடர்த்தி (தண்ணீர் 1.000) காட்டிய மால்ட் சாறு 1.010க்கு இறங்கி, மூன்று நாள் அதே இடத்தில் நின்றால் முடிந்தது என்று கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் சாராய அளவு சுமார் 5.2 சதவீதம் என்பதும் கூடவே கிடைத்துவிடும். கருவி பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டிருப்பதால், சூடான சாற்றில் மிதக்க விட்டுக் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இரண்டாவது பிழை, பாட்டிலுக்குள் நுரைக்கான வாயு உண்டாகப் போடும் சர்க்கரை. லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம் போதும், அதாவது உங்கள் பாட்டிலுக்கு 2 கிராம். தலைதட்டிய டீஸ்பூனே 4 கிராம் பிடிக்கும். பாட்டில் பாட்டிலாகக் கரண்டியால் போடும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்க வைத்து, ஆறியபின் சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரை ஹோஸ் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். ஹோஸின் நுனி எப்போதும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும், ஏனெனில் நொதித்து முடிந்த பீரில் காற்று கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை வந்துவிடும். டீயை ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றும் நம் கைப்பழக்கம், ஈஸ்ட் போடுவதற்குச் சற்று முன்பு மட்டும் நல்லது.

ஆரணி வாசகர்: பீர் பாட்டில் ஏன் பழுப்பாக இருக்கிறது?

பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் ஒரு கந்தகச் சேர்மமாகிறது. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி அழகுக்கு மட்டும்.

ராணிப்பேட்டை வாசகி: டல்லாஸில் இருக்கும் மருமகன் கார் நிறுத்தும் அறையில் வாளியை வைக்கிறார். வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்தது போன்ற வாசனை வருகிறதாம்.

வெப்பம்தான் காரணம். சாதாரண ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி உகந்தது, குளிரில் நொதிக்கும் லாகர் வகைக்கு 9 முதல் 13 வரை. நொதித்தல் தானே சூட்டை உண்டாக்குவதால், வாளியின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வாசனை தரும் எஸ்டர்களும் கனத்த ஆல்கஹால்களும் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்தான் பிறக்கின்றன. ஆகவே அந்த மூன்று நாட்களைக் காப்பாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாளியை அதில் இறக்கி, பழைய பருத்திச் சட்டையை அதன்மேல் மாட்டி, சட்டையின் ஓரம் நீரில் தோய்ந்திருக்கும்படி விட்டு மின்விசிறியைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மண்பானைக்கு ஈரத்துணி சுற்றி வளர்ந்த உங்களுக்கு இதன் தத்துவத்தை நான் விளக்கத் தேவையில்லை. டல்லாஸில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் துணி மட்டும் போதாது. பனிக்கட்டி போட்ட புட்டிகளைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்ற வேண்டும். பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால், பழைய குளிர்பெட்டி ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்கலாம். இந்தத் தொழிலில் விலைக்கு ஈடாகப் பலன் தரும் பெரிய பொருள் என் கணக்கில் அதுதான்.

காட்பாடி கல்லூரி மாணவர்: இதையெல்லாம் இங்கேயே செய்து பார்க்கலாமா, ஐயா?

கூடாது, தம்பி. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். வீட்டுக்குள் செய்தாலும், விற்காவிட்டாலும் குற்றம்தான்.

ஆனால் பீரின் முதற்பாதியான மாவுச்சத்து சர்க்கரையாவதை உன் அம்மாவின் அடுப்படியிலேயே பார்க்கலாம், அதில் ஒரு துளி மதுவும் கிடையாது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்க விட்டு, நிழலில் உலர்த்தி அரைத்துக்கொள். முளைக்காத கேழ்வரகு மாவில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் களி கிண்டி இறக்கி, சூடு 65 டிகிரிக்குக் குறைந்ததும் முளைமாவு இரண்டு கரண்டி கலந்து கிளறு. களி சில நிமிடங்களிலேயே இளகிக் கஞ்சியாகும். மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சுவைத்தால் சர்க்கரை போடாமலே இனிக்கும். கொதிக்கும்போதே முளைமாவைப் போட்டுவிட்டால் அதிலுள்ள, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் நொதி வெந்து செத்துப்போகும், களி களியாகவே இருக்கும். இரண்டு கிண்ணங்களில் இரண்டு விதமாகவும் செய்து பார்.