சிகுங்: முழங்கால் வலியும் வராத சூடும்

வணக்கம். மூன்று வாரமாகப் பாதுவான்ஜின் (மூச்சும் அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சியான சிகுங்கில், எட்டு அசைவுகள் கொண்ட ஒரு தொகுப்பு) செய்தும் உள்ளங்கையில் சூடு தெரியவில்லை, முழங்கால்தான் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் முழங்காலைப் பார்ப்போம். எட்டு அசைவுகளில் இரண்டாவது, வில்லை இழுப்பது. அதில்தான் பலரும் மிகவும் தாழ்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். லேசாக மடக்கினாலே போதும். பாதம் நோக்கும் திசையிலேயே முழங்காலும் மடங்கட்டும், உள்ளே சாயக்கூடாது. கடைசி அசைவில் குதிகாலை 7 முறை தூக்கி இறக்கும்போது தொப்பென்று போடாதீர்கள். அப்படியும் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் அந்தச் சூடு. சிகுங்கில் வரும் ‘சி’ (உயிராற்றல்) என்ற சீன எழுத்தின் பழைய வடிவத்தில் அரிசியும் மேலே ஆவியும் இருக்கும். மூச்சு, காற்று என்றும் பொருள். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. சூட்டைத் தேடாதீர்கள். தொப்புளுக்குக் கீழே கை வைத்து, மூச்சோடு வயிறு எழுந்து தாழ்வதை மட்டும் கவனியுங்கள்.