பழைய டீசல் பிராடோவுக்கு இன்னும் பெரிய பற்றரி போடலாமா?

கொழும்பில் ஓடும் உங்கள் பழைய டீசல் பிராடோவின் எஞ்சின் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சோம்பலாகச் சுழல்கிறது என்றும், இப்போதிருக்கும் 80டி26எல் பற்றரிக்குப் பதிலாக 105டி31எல் போடலாமா, போட்டால், ஓடும்போது பற்றரியை நிரப்பும் அல்ட்டநேற்றர் தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தட்டில் இடம் இருந்தால் தாராளமாகப் போடலாம். அல்ட்டநேற்றருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் சொல்லும் நோய்க்கு இதுதான் மருந்தா என்று அளந்து பார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என்னுடையதும் 90களின் 3 லீற்றர் டீசல் வண்டிதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது என்பதால், இருப்பதையே பேணிக்கொள்வோம் என்று வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு காலை திறப்பைத் திருப்பியபோது 'டக்' என்ற ஒற்றைச் சத்தம் மட்டுமே வந்தது. கடையில் பெரியதாகப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே 'டக்'. பஞ்சிகாவத்தையில் ஒரு வயரிங் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனைக் (−) கட்டையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். மீற்றர் 1.1 வோல்ற் காட்டியது. "சேர், பற்றரி நல்லா இருக்கு, ஏர்த் தான் பிழை" என்றார். கவ்வியைக் கழற்றி, எதிர்முனையை எஞ்சினோடு இணைக்கும் ஏர்த் கேபிளின் உறையைக் கீறிக் காட்டியபோது, ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு முழுவதும் பச்சைத் தூளாகிப் போயிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரிந்திராது.

காரணம் எளிய கணக்கு. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் பெற்றோல் எஞ்சினைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், அதைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டர் 250 அம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த ஓட்டத்தில் கேபிளில் வெறும் 4 மில்லிஓம் தடை இருந்தாலே 1 வோல்ற் வழியில் தொலைந்துவிடும். எவ்வளவு பெரிய பற்றரி போட்டாலும் அந்த இழப்பு அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அந்த ஏர்த் சோதனையைச் செய்யுங்கள், 0.3 வோல்றுக்கு மேல் காட்டினால் கேபிளை மாற்றுங்கள். பிறகு பற்றரியை அளந்து பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ற் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். நிறைந்த பற்றரி ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், பற்றரி களைத்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. குளிர்ந்த எஞ்சினின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளையும் பார்த்துவிடுங்கள். அவை போயிருந்தால் எஞ்சின் பிடிக்க நேரமெடுக்கும், பழி பற்றரி மேல் விழும்.

இத்தனைக்கும் பிறகு பற்றரிதான் குற்றவாளி என்றால், 105 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது பற்றரி தேக்கும் மின்னளவைச் சொல்லும் அம்பியர்மணி அல்ல, ஜப்பானியத் தரத்தின் செயற்றிறன் எண். 5 மணிநேரத்தில் காலியாக்கும் கணக்கில் 105டி31இன் கொள்ளளவு 64 அம்பியர்மணி, 80டி26இனது 55. அதாவது எண்கள் காட்டும் அளவுக்கு வித்தியாசம் பெரிதல்ல. 'டி' அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் வகை. 26, 31 என்பவை நீளம், சென்றிமீற்றரில். எனவே தட்டு ஏறத்தாழ 5 சென்றிமீற்றர் நீண்டிருக்க வேண்டும். கடைசி 'எல்' எழுத்தை மறக்காதீர்கள்: முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி பார்த்தால் எதிர்முனை இடது கைப்பக்கம் வரும். 'ஆர்' வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. எட்டவைத்து மாறிப் பூட்டினால் அல்ட்டநேற்றரின் டையோடுகள் எரிந்துவிடும். மேலே பிடிக்கும் பட்டியை இறுக்கமாகப் பூட்டுங்கள். காட்டுப் பாதையில் ஆடும் பற்றரியின் தகடுகள் உதிர்ந்துபோகும்.

அல்ட்டநேற்றர் கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுக்கும் பொருள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருந்தால் பெரிய பற்றரியையும் அது நிரப்பும், நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும். காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையே ஊர்ந்து திரிவது மட்டுமே உங்கள் ஓட்டம் என்றால் எந்த அளவுப் பற்றரியும் நிறையாது. மாதத்தில் ஓர் இரவு வீட்டுச் சார்ஜரில் போடுவது பெரிய பற்றரியை விட மலிவான வைத்தியம். நிறுத்தி வைத்த வண்டியில் 0.05 அம்பியருக்கு மேல் மின் ஒழுகினால் அலாரத்தையும் டாஷ் கமராவையும் சந்தேகியுங்கள்.

அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஏஜிஎம் வகைப் பற்றரியை நான் போனட்டின் கீழ் போடமாட்டேன். பற்றரிக்குக் குளிர் வலிமையைக் குறைக்கும், வெப்பமோ ஆயுளையே தின்னும். 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. ஏஜிஎம்மில் வற்றிய நீரைத் திருப்பி ஊற்றவும் முடியாது. சாதாரணப் பற்றரியில் மூடியைத் திறந்து பற்றரித் தண்ணீர் விட்டால் முடிந்தது. வில்பத்துப் பக்கம் கூடாரமடித்துக் குளிர்பெட்டி ஓட்டுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் கதை வேறு: முன் பற்றரியைப் பெரிதாக்காமல், பின்புறம் இரண்டாவதாக ஓர் ஏஜிஎம் வைத்து, எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரிக்கும் ரிலேயும், இரு பற்றரிகளின் அருகிலும் பியூஸும் போடச் சொல்லுங்கள். இரவெல்லாம் குளிர்பெட்டி ஓடினாலும் காலையில் வண்டி பிடிக்கும்.

மாற்றும் நாளில் ஒரு விடயம். ஜப்பானிலிருந்து வந்த பல டொயோட்டா நவிகேஷன் வானொலிகள் பற்றரி கழன்றதும் பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கும். பழைய பற்றரியைக் கழற்றுமுன் கேபிள்களில் சிறிய 12 வோல்ற் பற்றரி ஒன்றைத் தொடுத்து வைக்கும்படி பாஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.