ரேஞ்ச் 300 கி.மீ. என்றார்கள், பர்லியாரில் கார் நின்றது

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு ஷோரூமில் 14 லட்சம் ரூபாய்க்கு எலக்ட்ரிக் கார் வாங்கினேன். 30 யூனிட் பேட்டரி, 300 கி.மீ. ரேஞ்ச் என்பது விளம்பரம். "ஒரே சார்ஜில் கோவைக்கு ரெண்டு தடவை போயிட்டு வரலாம் சார்" என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். போக வர 140 கி.மீ.தான். இரவு வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டுதான் இறங்குவேன். போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவோடு திரும்பும்போது, குன்னூர் மலைப்பாதையிலுள்ள பர்லியாரில் சார்ஜ் 6 சதவீதம். பழக்கடை ஒன்றில் பிளக் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஷோரூமில் "மலை ஏறினா அப்படித்தான்" என்கிறார்கள். காரைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: கட்டுப்போட்ட கண்ணோடு அம்மா அங்கே உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் அது 300 என்ற எண்ணில் இல்லை, அந்த வாட்ஸ்அப் வரியில் இருக்கிறது.

300 என்பது சோதனைக்கூடத்து எண். காரை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுப்பது. அதில் ஏற்றமே கிடையாது. 'சோதனை நிலையில்' என்று விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும்.

மலைக் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையை அவ்வளவு தூக்க, உயரத்துக்கு மட்டுமே 6 யூனிட் வேண்டும். உங்கள் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு அது. சாலையில் உருளும் செலவு தனி. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நீங்கள் 100 சதவீதத்தோடு இறங்குகிறீர்கள். நிறைந்த பேட்டரி அந்த மின்சாரத்தை ஏற்காது, பெரும்பகுதி பிரேக்கில் சூடாகப் போய்விடும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஏற்றத்தில் மட்டும் எடுத்த மீட்டர் போட்டோவைக் கொண்டுபோனால் வழக்கு அங்கேயே சரியும். ஒரே பாதையில் மூன்று முறையாவது போய்வந்து, புறப்படும்போது, மேட்டுப்பாளையத்தில், கோவையில், திரும்பி வந்ததும் என மீட்டரைத் தேதியோடு படமெடுங்கள். மூன்று முறையும் 140 கி.மீ. முடியவில்லை என்றால் எனக்குப் பேட்டரி மேலேயே சந்தேகம். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது உங்கள் வாரண்டி புத்தகத்தில் இருக்கும்.

இப்போது அந்த வரி. குன்னூர்க்காரர் என்று தெரிந்தே, குறிப்பிட்ட பாதையைச் சொல்லி உறுதி கொடுத்திருக்கிறார். பொருளின் தரம், பயன் பற்றி வாயாலோ எழுத்தாலோ பொய்யாகச் சொல்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "மலை ஏறினா அப்படித்தான்" என்பது அன்றே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதற்கு அவர்கள் வாயாலேயே வந்த சாட்சி. அதையும் ஈமெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணையுங்கள்.

முழுப் பணம் கிடைக்குமா? பேட்டரிக் குறை நிரூபணமானால் மாற்றுப் பேட்டரியோ பணமோ கேட்கலாம். குறை இல்லையென்றால் இழப்பீடு வரைதான் நான் நம்பிக்கை தருவேன். மனுவில் மாற்று, பணம், இழப்பீடு மூன்றையும் ஒன்றில்லாவிட்டால் மற்றொன்றாகக் கேளுங்கள். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன் கீழும் வேண்டுங்கள்.

கோவையில் வாங்கினாலும் கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 14 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் ஷோரூம், தயாரிப்பாளர் இருவருக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். 1915 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்துவையுங்கள்.