குறைமாதக் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடலாமா?

கேள்வி: என் மகன் 30-ஆவது வாரத்தில், 1.3 கிலோ எடையில் பிறந்தான். மூச்சுத்திணறலுக்காக 12 நாள் சி-பாப் (மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் கருவி) வைத்தார்கள். இப்போது 3 மாதம். தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று, பிறகு வேகமாக விடுகிறான். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போட்டால் சளி பிடிக்காது என்கிறார் அத்தை. போடலாமா? பிற்காலத்தில் வீசிங் வருமா?

பதில்: சாம்பிராணி வேண்டாம், அம்மா. டாக்டர் சொன்னதாகவே அத்தையிடம் சொல்லுங்கள். தலை ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சிகரெட் எதுவுமே அவன் இருக்கும் வீட்டுக்குள் ஆகாது. வாசலில் புகைத்துவிட்டு வருபவர் சட்டையை மாற்றி, கை கழுவிய பிறகே அவனைத் தூக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோகும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். வயிற்றுக் குழந்தைக்கு அது போதிய அளவு சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். உங்கள் மகன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். சி-பாப் காற்றழுத்தம் தேவைப்பட்டது அதனால்தான். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான், நல்லது. ஆனால் புதிய காற்றுப்பைகள் பிறந்த பிறகும் 2 வயதைத் தாண்டி உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த வளர்ச்சியைப் புகை கெடுக்கும்.

அவனுக்கு 3 மாதம் என்றாலும், முன்கூட்டிப் பிறந்த 10 வாரத்தைக் கழித்தால் 3 வாரக் குழந்தைதான். 5 முதல் 10 நொடி மூச்சு நின்று தானாகத் தொடர்வது, மூளையின் மூச்சு மையம் இன்னும் முதிராததால் பெரும்பாலும் வருவது. நாளாக ஆக மறையும். இருந்தாலும் அதை போனில் வீடியோ எடுத்து உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 20 நொடி நின்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். 60-ஐத் தாண்டினாலும், விலாவுக்கு அடியில் குழி விழுந்தாலும், முனகினாலும், பால் குடிக்கத் திணறினாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீசிங் கட்டாயம் வரும் என்றில்லை. முதல் சில வருடங்களில் சளி பிடிக்கும்போது மற்ற குழந்தைகளைவிட அதிகம் வரலாம்; வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே சளி, இருமல் உள்ளவர்கள் அவனைத் தூக்க வேண்டாம். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கிலேயே போடுங்கள், எடை குறைவு என்று தள்ளிப் போடாதீர்கள். 6 மாதம் முடிந்ததும் ஃப்ளூ ஊசி. அதுவரை காத்திருக்காமல் நீங்களும் அத்தையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.