எந்த நாளின் கப்பல்?

மாதிரிக் கப்பல் கட்டும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இப்பகுதியில் விடையளிக்கிறேன். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை ‘வெதரிங்’ பற்றியவை. கட்டி முடித்த மாதிரியின் மேல், வெயிலும் உப்புநீரும் உழைப்பும் ஒரு கப்பலில் விட்டுச்செல்லும் தடங்களை வண்ணத்தால் காட்டும் வேலைக்கு அந்தப் பெயர். ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரெவல் நிறுவனத்தின் 1/350 அளவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைக் கட்டி, சாம்பல் வண்ணமும் பூசிவிட்டேன். இனித் துருவும் அழுக்கும் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்க்கலாம்? அதிகமாகிவிட்டால் மூன்று மாத உழைப்பும் கெட்டுவிடுமே என்று தூரிகையை எடுக்கவே அச்சமாக இருக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: எவ்வளவு என்பதை முடிவு செய்வதற்கு முன், உங்கள் மேசையில் நிற்பது எந்த நாளின் எம்டன் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

முதல் உலகப் போருக்கு முன்பு சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த எம்டன், வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த பழுப்புநிறப் புகைபோக்கிகளும் கொண்ட கப்பல். ‘கிழக்கின் அன்னம்’ என்று அதை அழைத்ததற்கு அந்த வெண்மையும் ஒரு காரணம். அந்த எம்டனைக் கட்டுபவர் துருவைத் தொடவே வேண்டியதில்லை. நீங்கள் சாம்பல் பூசியிருப்பதால் போர்க்கால எம்டனைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். அதிலும் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் வேறு. அக்டோபர் மாதத்தில் டியேகோ கார்சியாவில் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டித் தூய்மை செய்த பிறகு இருந்த எம்டன் வேறு. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியோடு போரிட்டு, புகைபோக்கிகள் மூன்றும் முன்பாய்மரமும் வீழ்ந்து, பவளப்பாறையில் ஏறி நின்ற எம்டன் முற்றிலும் வேறு. சென்னை வாசகராகிய நீங்கள் செப்டம்பர் 22ஐத் தேர்ந்தால் எனக்கு மகிழ்ச்சி. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கல்வெட்டையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அன்றைய கப்பலின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏழு வாரங்களாகத் தன் நாட்டுத் துறைமுகம் எதையும் காணாமல் வெப்பமண்டலக் கடலில் திரிந்த கப்பல் அது. நிலக்கரியால் ஓடியது. தன்னோடு வந்த துணைக்கப்பலையும் பிடிபட்ட சரக்குக் கப்பல்களையும் கடலிலேயே பக்கத்தில் அணைத்து நிறுத்தி நிலக்கரி ஏற்றிக்கொண்டது; அறைகள் நிரம்பிய பின் தளத்தின் மேலும் குவித்து வைத்தார்கள். ஆகவே முதலில் வர வேண்டியது கரி, துரு அதற்குப் பின்னர்தான். புகைபோக்கிகளின் விளிம்புகளிலும், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் பாய்மரத்தின் மேற்பகுதியிலும் புகைக்கரி படிந்திருக்கும். கப்பல் முன்னோக்கி ஓடும்போது புகை அமரத்தின் (பின்முனையின்) பக்கமே செல்லும் என்பதால் அணியத்துப் (முன்முனைப்) பாய்மரத்தில் அந்தக் கருமை குறைவாகவே இருக்க வேண்டும். கரியேற்றும் வேலை நடந்த நடுப்பகுதித் தளத்தில், மூலைகளிலும் பீரங்கி அடித்தட்டுகளைச் சுற்றியும், மென்மையான கருந்தூளைச் சிறு தூரிகையால் ஒற்றிப் பூசுங்கள். இதற்குக் கருநிற பிக்மென்ட் தூளே போதும். இரண்டு கப்பல்கள் உரசி நின்ற பக்கவாட்டின் நடுப்பகுதியில் வண்ணம் தேய்ந்து சற்றே அழுக்கேறியிருப்பதாகக் காட்டலாம். டியேகோ கார்சியாவில் சுத்தம் செய்வதற்கு முந்தைய நாள் என்பதால் நீர்க்கோட்டை ஒட்டிப் பச்சையும் பழுப்பும் கலந்த மெல்லிய பாசிப் படலம் இருக்கலாம்.

துருவுக்கு இப்போது வருவோம். 1/350 அளவில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துருக்கோடு, உண்மைக் கப்பலில் 35 சென்டிமீட்டர் அகலமுள்ள கோடாகும். எம்டனின் 118.3 மீட்டர் நீளம் உங்கள் மேசையில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. அதை 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மைக் கப்பலை 105 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தனை தொலைவிலிருந்து எது தெரியுமோ அதை மட்டும் வரையுங்கள். நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளையின் கீழேயும், தளத்து நீர் வடியும் துளைகளின் கீழேயும் துரு வழிந்திருப்பது தெரியும்; ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் துரு தெரியாது. போர்க்கப்பலில் மாலுமிகள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டே இருப்பார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. துருக்கோடுகளைவிட, அவர்கள் பூசிய திட்டுகளைக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த முறை: அடிப்படைச் சாம்பலில் ஓரிரு துளி வெள்ளையோ கறுப்போ சேர்த்து, பக்கவாட்டில் ஒழுங்கற்ற சிறு சதுரங்களாக மிக மெல்லிய பூச்சாக இட்டுப் பாருங்கள். கப்பலில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பது அதில் தெரியும்.

கோடு வரைவதற்கு ஆயில் பெயின்ட் எனப்படும் ஓவியர் எண்ணெய் வண்ணமே சிறந்தது. எரிந்த மண்ணின் பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அட்டைத் துண்டின் மேல் வைத்து, அதிலுள்ள எண்ணெயை அட்டை உறிஞ்சும் வரை சிறிது நேரம் விடுங்கள். பின்னர் ஊசிமுனையளவு புள்ளியாகத் துளையின் கீழ் வைத்து, ஒரு சில நிமிடங்கள் கழித்து, எனாமல் தின்னரில் நனைத்துத் துணியில் நன்றாகத் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுங்கள். கோடு தடித்துவிட்டால் மீண்டும் தின்னரால் துடைத்துவிடலாம். கெட்டுவிடுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு இதுவே மருந்து: எண்ணெய் வண்ணம் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதுவரை எல்லாத் தவறும் திருத்தக்கூடியதே.

ஓர் எச்சரிக்கை. எம்டன் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து நிறத்தின் அடர்த்தியை முடிவு செய்யாதீர்கள். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. எனவே துருவும் அடிப்பகுதியின் சிவப்பும் உண்மையில் இருந்ததைவிட மிகக் கருமையாகப் பதிவாகும். வடிவத்துக்கும் இடத்துக்கும் படத்தை நம்புங்கள், நிறத்துக்கு நம்ப வேண்டாம்.

கேள்வி: எனாமல் வண்ணம் பூசிய கப்பலின் மேல் எனாமல் ‘வாஷ்’ (தின்னரில் மிக நீர்க்கக் கலந்த வண்ணம்) இட்டேன். துடைத்தபோது அடியிலிருந்த சாம்பலும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கே தவறினேன்? (வாசகர், மதுரை)

பதில்: முன்பு பூசியதைக் கரைக்கும் தின்னரையே அதன்மேல் கொண்டுசென்றதுதான் காரணம். அடிப்படை வண்ணத்தை அக்ரிலிக்கிலோ லாக்கரிலோ பூசி, அதன்மேல் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, ஒரு முழு நாள் காயவிடுங்கள். அதன்பின் எனாமல் வாஷ் இட்டால், எனாமல் தின்னர் அந்த வார்னிஷைத் தொடாது. வாஷ் மட்டும் பள்ளங்களில் தங்கி, மேடுகளிலிருந்து துடைபடும். வார்னிஷ் பளபளப்பாக இருக்க வேண்டியதும் இதற்காகவே. சொரசொரப்பான மேற்பரப்பு வாஷை எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டு மாதிரி முழுவதையும் அழுக்காக்கிவிடும். எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. இப்போது சேதமடைந்த பகுதியை முழுவதும் காயவிட்டு, நீரில் நனைத்துத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாளால் சமன்செய்து, மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏர்பிரஷ்ஷால் லாக்கர் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடுகிறது. மழைக்காலம் முடியும் வரை வேலையை நிறுத்தத்தான் வேண்டுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் வண்ணத்தின் மேல் படிவதால் அந்த வெண்படலம் தோன்றுகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சேர்த்து, ஒரே தடவையில் ஈரமாக அடிக்காமல் மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். பூத்துவிட்ட இடத்தில், ஈரமில்லாத நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லியதாக அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: சிறிய வீடு, சிறிய மேசை. முதல் கப்பலுக்கு 1/700 நல்லதா, 1/350 நல்லதா? (வாசகர், கொழும்பு)

பதில்: இடம் குறைவு என்றால் 1/700. 1971இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து மாடல் நிறுவனங்கள் இணைந்து தொடங்கிய ‘வாட்டர்லைன்’ வரிசை இந்த அளவில்தான் வருகிறது. நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள பகுதி இல்லாததால் கப்பல் கடலில் நிற்பதுபோலவே மேசையில் அமரும். ஆனால் சிறிய அளவு எளிதானது என்று எண்ணிவிடாதீர்கள். கைப்பிடிக் கம்பிகளைப் பித்தளை எட்ச் தகட்டிலிருந்து (அமிலத்தால் அரித்து வடிவமெடுத்த மெல்லிய தகடு) வெட்டி ஒட்டும் வேலை 1/700இல் மிகக் கடினமாகும். முதல் கப்பலுக்கு அதை விட்டுவிட்டு, ஒட்டும் கோடுகளைச் சமன்செய்வதிலும் வண்ணம் பூசுவதிலும் கையைப் பழக்குங்கள்.

கேள்வி: கப்பலின் பாய்மரக் கயிறுகளுக்குத் தையல் நூலைக் கட்டினேன். ஏதோ பொருந்தாததுபோல் தெரிகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: தடிமன்தான் காரணம். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கம்பிக்கயிறு 1/350 அளவில் 0.06 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் கனமே ஏறத்தாழ அவ்வளவுதான். மாதிரியின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டை மெழுகுவர்த்திச் சுடரின் மேலே காட்டி, இளகியதும் சுடரை விட்டு விலக்கி இழுத்தால் வேண்டிய கனத்தில் இழை கிடைக்கும். நூலிலுள்ள பஞ்சுப் பிசிறு இதில் இல்லை என்பதும் ஒரு நன்மை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட ‘டிரிங்கோமலி’ பாய்க்கப்பலை மரத்தில் 1/100 அளவில் கட்டுகிறேன். அடிப்பகுதியின் செப்புத் தகடுகளைப் பச்சையாக்க வேண்டுமா? (வாசகர், திருகோணமலை)

பதில்: 1782இல் உங்கள் ஊர்க் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரின் நினைவாகப் பெயர் பெற்று, 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கும் கப்பலை அந்த ஊர்க்காரரே கட்டுகிறார் என்பதைப் படித்தபோது நெஞ்சம் நிறைந்தது.

முழுவதும் பச்சையாக்க வேண்டாம். எப்போதும் நீருக்குள் இருக்கும் செம்பு மங்கிய பழுப்பாகவே இருக்கும்; காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்க்கோட்டுப் பகுதியில்தான் பச்சை தோன்றும். அங்கு மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கும் குறைவாக, மேலும் கீழும் மங்கி மறையும்படி காட்டுங்கள். அக்காலத்து ஆங்கிலக் கடற்படையின் செப்புத் தகடு நான்கடி நீளமும் 14 அங்குல அகலமும் கொண்டது. உங்கள் அளவில் சுமார் 12 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் தகடுகளில் ஆணித்தலைகள் பெரும் புடைப்புகளாக இருக்கும். வெறும் செப்பு நாடாவை வெட்டி ஒட்டினால் அதைவிட நன்றாக அமையும். தாரேற்றிய நிலைக்கயிறுகள் கருமையாகவும், இழுத்து விடும் கயிறுகள் வெளிறிய சணல் நிறத்திலும் இருக்கட்டும். துருவுக்கு இதில் வேலை மிகக் குறைவு: நங்கூரத்தைத் தவிர வேறெங்கும் நான் வைக்க மாட்டேன்.

கேள்வி: தற்காலப் போர்க்கப்பல்களின் மேற்கட்டடத்திலும் துரு வழிவதாகப் பலர் வரைகிறார்களே, அது சரியா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் டிகோண்டரோகா வகுப்புக் கப்பல்களின் மேற்கட்டடம் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் செந்நிறமாகத் துருப்பிடிக்காது. அங்கே எஃகுப் பொருள் பொருத்தப்பட்ட இடத்திலிருந்து மட்டும் ஒரு மெல்லிய கறை வரலாம். எஃகாலான உடற்பகுதியில் துருவை வரைவதில் பிழையில்லை.

கேள்வி: எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்த மரக்கப்பலின் பீரங்கிகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. பூஞ்சையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பழைய தொகுப்புகளில் பீரங்கிகளை ஈயம் கலந்த உலோகத்தில் வார்த்திருப்பார்கள். ஓக் போன்ற மரங்களும், சில ஒட்டுப்பலகைப் பசைகளும், காடி வாசனை வீசும் சிலிக்கோன் பசையும் வெளியிடும் அமில ஆவி, காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் தங்கி அந்த ஈயத்தை அரிக்கிறது. நீங்கள் காண்பது பெரும்பாலும் ஈயக் கார்பனேட். அது நச்சுப்பொருள். வாயால் ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, பஞ்சை உறையிலிட்டு மூடி அகற்றுங்கள். குழந்தைகளை அந்த அறைக்கு அப்பால் வையுங்கள். அரிப்பு ஆழமாகச் சென்றிருந்தால் அந்தப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் கடைந்தவற்றைப் பொருத்துவதே நல்லது. பெட்டியின் அடித்தளத்தில் எதிரெதிர் மூலைகளில் சிறு துளைகளிட்டு, தூசி புகாதபடி மெல்லிய வலைத்துணியை உள்ளிருந்து ஒட்டிவிடுங்கள்.