கடற்கரையில் எதையோ தின்ற நாய்: போதைப்பொருளா என்று எப்படி அறிவது?

உப்புவெளிக் கடற்கரையில் எதையோ கிளறித் தின்ற உங்கள் நாய் தள்ளாடுகிறது, சிறுநீர் தானாகச் சொட்டுகிறது. மனிதருக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையால் கஞ்சாவைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டையை நம்பாதீர்கள். நாயின் உடல் கஞ்சாவை உடைக்கும் விதம் வேறு. பட்டை தேடும் பொருள் அதன் சிறுநீரில் போதிய அளவு இராமல், கஞ்சா தின்ற நாய்க்கும் 'இல்லை' என்றே காட்டலாம். ஐஸ் (மெத்தம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள்), ஹெரோயின் போன்றவற்றுக்கு அது ஓரளவு உதவும்; அப்போதும் 'இல்லை' என்ற முடிவை வைத்து நிம்மதியடைய முடியாது.

மிருக வைத்தியர் முதலில் பார்ப்பது அறிகுறிகளைத்தான். தள்ளாட்டம், சிறுநீர்க் கசிவு, தொட்டாலோ சத்தம் கேட்டாலோ திடுக்கிடுதல், குளிர்ந்த உடல் எல்லாம் சேர்ந்தால் கஞ்சாவைச் சந்தேகிப்பார். ஐஸ் என்றால் நாய் ஓயாமல் அலையும், நடுங்கும், உடல் கொதிக்கும். ஹெரோயினில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சு மந்தமாகும். ஹெரோயினின் விளைவை முறிக்கும் மருந்தான நலோக்சோன் ஏற்றியதும் நாய் தெளிந்தால் அதுவே பெரிய தடயம்.

ஆனால் பூச்சிகொல்லி நஞ்சும், ஏன், விசர்நோயும்கூடத் தள்ளாட்டத்தையும் வாய்நீரையும் தரும். ஆகவே வாய்க்குள் கை விடவேண்டாம். மயங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் யாரிடமாவது கஞ்சா இருந்திருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையையும்விட அந்த ஒரு வார்த்தை வேகமாக உதவும்.