அப்பா ஸ்டேஷன் படி ஏற மாட்டேன் என்கிறார்: பதில்

தொண்டித் தம்பிக்கு, படகு எஞ்சின் திருடுபோய் நான்கு நாளாகியும், "புகார் கொடுக்கப் போனவனையே உள்ளே வைப்பான்" என்று அப்பா மறுப்பதாக எழுதியிருந்தீர்கள்.

தேவிபட்டினத்தில் என் மாமாவும் இப்படித்தான். வலை காணாமல் போன அன்று பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாகத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷனுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை, பார்த்ததெல்லாம் டிவியில். அதிகம் டிவி பார்ப்பவர்கள் திரையில் வரும் உலகத்தையே நிஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று டிவியின் தாக்கத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே சொன்னார். ஆனால் அப்பாவின் பயத்தைப் பொய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தது நிஜம். வாதாடினால் இன்னும் இறுகிப்போவார்.

சரி, புகாரை நீங்களே கொடுக்கலாம். எஞ்சின் நம்பரையும் பில் நகலையும் சேர்த்து எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். எஃப்ஐஆர் போட்டால் நகல் இலவசம். மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். அப்பாவுக்கு 60 தாண்டியிருந்தால், சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். மாமா அதைக் கேட்டுத்தான் எழுந்தார்.